கையெழுத்துப் போட்ட ஆர்டரில் ‘ஆர்பிட்ரேஷன்’ என்று இருக்கிறதா? வேலையிடப் பாரபட்சத்தை எதிர்க்க ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரித் தொழிலாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் ஒன்பதாம் பக்கம். ஓரத்தில் பிடித்திருந்த கட்டைவிரல் தெரிந்தது, நகத்தில் பாதி அழிந்த மருதாணி. பின்னாலேயே குரல் செய்தி: “அண்ணா, இதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இனிமே எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாதுன்னு எச்.ஆர். சொல்றாங்க. நெஜமாவாண்ணா?”

பாலக்கோடு பக்கத்துப் பெண். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாலு வருடம் லைனில் நின்றவள். கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன மூன்றாவது வாரம் லைன் லீடர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். அடுத்த மாதம் வேலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

நான் வக்கீல் இல்லை. தொழிற்சங்க வேலையில் பல வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறவன், லேபர் ஆபீஸ் பெஞ்சில் தொழிலாளியோடு உட்கார்ந்து காத்திருக்கிறவன். அந்த ஒன்பதாம் பக்கத்தைப் போல எத்தனையோ பார்த்தாயிற்று. அதைக் காட்டி மிரட்டினால் பாதிப்பேர் அங்கேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மிரட்டலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று தெரிந்துகொள்வதற்குள் மனு போடும் கெடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆர்டரில் உள்ள ‘ஆர்பிட்ரேஷன்’ வரி சொல்வது என்ன

பெரும்பாலும் இப்படி இருக்கும்: இந்த வேலை சம்பந்தமாக எந்தத் தகராறு வந்தாலும் அது ஆர்பிட்ரேஷன் மூலமே தீர்க்கப்படும், ஆர்பிட்ரேட்டரை நிர்வாக இயக்குநர் நியமிப்பார், இடம் மும்பை அல்லது பெங்களூரு, மொழி ஆங்கிலம், தீர்ப்பு இறுதியானது.

ஆர்பிட்ரேஷன் என்றால் நடுவர் தீர்ப்பு. கோர்ட்டுக்குப் பதிலாக இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு தனி நபர் உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. ஊரில் பெரியவரை வைத்துப் பேசித் தீர்ப்பது போலத்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்த நடுவர் சொல்வது கோர்ட்டு தீர்ப்பைப் போலவே அமலாகும். நமக்கு இதை நடத்துவது 1996-ஆம் வருட நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம். இரண்டு வியாபாரிகளுக்கு இடையே சரக்கு, பணம் பற்றிய சண்டைக்கு இது நல்ல வழி. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரும் கம்பெனியும் அப்படிச் சமமான இரண்டு தரப்பா? வேலையில் சேரும் நாளில் நாற்பது பக்கம் காகிதத்தை நீட்டி, கம்பெனி பஸ் கிளம்பப்போகிறது, சீக்கிரம் போடுங்கள் என்று சொன்னபோது நானும் ஒரு காலத்தில் படிக்காமல்தான் போட்டேன்.

இந்த வரி அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே 1925-லேயே கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டம் வந்துவிட்டது. 1991-ல் கில்மர் வழக்கில், வயதைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்த புகாரைக்கூட ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-ல் சர்க்யூட் சிட்டி வழக்கு அதைப் பெரும்பாலான வேலை ஒப்பந்தங்களுக்கும் விரித்தது. 2018-ல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில், தொழிலாளர்கள் கூட்டாக வழக்குப் போடுவதையும் இந்த வரி தடுக்கலாம் என்றார்கள். தொலைக்காட்சிச் செய்தியாளர் கிரெட்சன் கார்ல்சன் 2016-ல் பாலியல் தொல்லை வழக்குப் போட்டபோது, தன் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் வரி இருந்ததால் நிறுவனத்தை விட்டுவிட்டு அதன் தலைவர் மேல் தனிப்பட்ட முறையில் போட வேண்டியிருந்தது. அவரைப் போன்றவர்கள் போராடித்தான் 2022 மார்ச் 3-ல் அங்கே ஒரு புதுச் சட்டம் கையெழுத்தானது. பாலியல் தொல்லை, பாலியல் வன்முறைப் புகாரில் பாதிக்கப்பட்டவர் விரும்பாவிட்டால் ஆர்பிட்ரேஷனுக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்தச் சட்டம். இனம், வயது, மதம் பற்றிய பாரபட்சத்துக்கு அந்த விலக்கு இன்னும் இல்லை.

வெளிநாட்டு ஒப்பந்தத்தின் இந்த வரியை நம் பக்கத்து ஆர்டரிலும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அங்கே அது எவ்வளவு செல்லும் என்பது வேறு கதை. இங்கே அதற்கு அந்த அளவு பலம் கிடையாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நீங்கள் சட்டப்படி ‘தொழிலாளி’யா என்று பாருங்கள்

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. நிதானமாகப் பாருங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதில் தொழில் உறவுகள் தொகுப்பு, 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன்படி உடலுழைப்பு, திறன்சார் வேலை, தொழில்நுட்பம், இயக்கம், எழுத்தர் வேலை பார்ப்பவர்கள் தொழிலாளி. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அப்படித்தான். மேற்பார்வை வேலை பார்ப்பவருக்கு மட்டும் மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பழைய சட்டத்தில் இது 10,000 ரூபாய். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேனேஜர்கள் எந்தச் சம்பளமாக இருந்தாலும் வெளியே.

கார்டில் என்ன பட்டம் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எக்ஸிக்யூட்டிவ், அசோசியேட், டீம் மெம்பர், ஆபீசர் என்று என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். கோர்ட்டு பார்ப்பது காலை முதல் சாயங்காலம் வரை உங்கள் கை என்ன செய்கிறது என்பதை. லீவு கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? யாரையாவது வேலைக்கு எடுக்க, தண்டிக்க முடியுமா? இல்லையென்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

அப்ரென்டிஸ்கள் கவனிக்க வேண்டும். 1961-ஆம் வருட அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்தவர்களைப் புதிய தொகுப்பு தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. அவர்களுடைய ஒப்பந்தத் தகராறு அப்ரென்டிஸ் ஆலோசகரிடம் போகும். ட்ரெய்னி என்று பெயர் வைத்து நிரந்தர வேலையை வாங்கும் இடங்கள் உண்டு. அதனால் உங்கள் காகிதம் உண்மையிலேயே அந்தச் சட்டப்படிப் பதிவானதா என்று முதலில் கேளுங்கள்.

படி 2: தொழிலாளி என்றால், அந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது

தொழிலாளியின் தகராறைத் தனியார் ஆர்பிட்ரேட்டரிடம் தள்ள முடியாது என்று நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. 2012-ல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர் நீதிமன்றம் போனபோது, ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது என்று கம்பெனி தடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிலாளர் சட்டம் ஒரு தனி மன்றத்தை உருவாக்கியிருக்கிறது, அதில் பொதுநலன் இருக்கிறது, இரண்டு பேர் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால் அதை மூட முடியாது என்பதுதான் அதன் சாரம். 2017-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் பெங்களூரு ஊழியர் ஒருவரின் வேலைநீக்க வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்தது. பொம்மசந்திரா, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் பஸ் ஏறும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். எந்தத் தகராறு ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்ற பொதுவான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2011-ல் பூஸ் ஆலன் வழக்கிலும் 2020-ல் வித்யா துரோலியா வழக்கிலும் வகுத்தது.

தொழிலாளர் சட்டத்துக்குள்ளேயும் ஆர்பிட்ரேஷன் என்று ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 10-ஏ, புதிய தொகுப்பில் பிரிவு 42. ஆனால் அது தகராறு வந்த பிறகு, இரண்டு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால்தான். சேரும் நாளில் போட்ட கையெழுத்து அதற்கு ஒப்புதல் ஆகாது. சட்டத்திலேயே ஆர்பிட்ரேஷன் இருக்கிறதே என்று எச்.ஆர். சொன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். அப்புறம், சமரசப் பேச்சின்போது புதிதாக ஒரு காகிதம் நீட்டி ஆர்பிட்ரேஷனுக்குச் சம்மதம் என்று கேட்டால், ஆலோசனை இல்லாமல் போடவே போடாதீர்கள். அந்தக் கையெழுத்து செல்லும்.

படி 3: உங்கள் குறைக்கு எந்தக் கதவு என்று பிரியுங்கள்

பாரபட்சம் என்று மொத்தமாக ஒரு மனு எழுதினால் எங்கேயும் நிற்காது. அமெரிக்காவைப் போல எல்லாப் பாரபட்சத்துக்கும் சேர்த்து ஒரே சட்டம் தனியார் வேலைக்கு இங்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு கெடு.

பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் வருடச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். கான்ட்ராக்ட், ட்ரெய்னி, தற்காலிகம் எல்லோரும் இதில் அடங்குவர். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழுவே இல்லையென்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்தச் சட்டத்தில் சமரசம் பேசுவதற்கும் அந்தப் பெண் கேட்டால்தான் இடம். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்தின் அடிப்படையாக வைக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. இது குற்றமும்கூட. போலீஸுக்குப் போவதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது.

கர்ப்பம், பிரசவம் என்றால் மகப்பேறுப் பாதுகாப்பு. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். கர்ப்பிணியை நீக்கி மகப்பேறுப் பலனை மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மறந்தே போகிற கெடு இதுதான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் ஆபீஸ் ஆபீஸாக அலைவது என்று வீட்டில் சொல்வார்கள். வேறு யாராவது கூடப் போய் மனுவையாவது கொடுத்துவிடுங்கள்.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றால், அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பின் பிரிவு 3. முன்பு 1976-ஆம் வருடச் சம ஊதியச் சட்டம் இருந்தது. இப்போது பாலின அடிப்படையில் சம்பளத்திலும் வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று சொல்கிறது. சம்பளக் கோரிக்கைக்கு 3 வருடக் கெடு.

சாதி என்றால் விஷயம் கனமானது. நம் மாவட்டங்களில் கேன்டீனில் தனித் தம்ளர் இல்லாமல் இருக்கலாம். எந்த வேலைக்கு யாரை நிறுத்துகிறார்கள், எந்த ஊர்ப் பெயர் சொன்னால் முகம் மாறுகிறது என்பதில் அது இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான இழிவுபடுத்தலுக்கு 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. தீண்டாமையைக் காரணமாக வைத்து வேலை செய்வதைத் தடுத்தால் 1955-ஆம் வருடக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இரண்டும் குற்றவியல். ஒரு ஆர்பிட்ரேட்டரால் இதைத் தொடக்கூட முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் வருடச் சட்டம், மாநில ஆணையர். திருநங்கை, திருநம்பியருக்கு 2019-ஆம் வருடச் சட்டம், ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ஆம் வருடச் சட்டம்.

இது எதிலும் சேராத பாரபட்சம்? மொழி, ஊர், சங்கத்தில் இருப்பது, சூப்பர்வைசருக்கு ஒத்துவராதது? தொழில் உறவுகள் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் நியாயமற்ற தொழில் நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தகுதியைப் பார்க்காமல் ஒரு தரப்புத் தொழிலாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுவது அதில் வருகிறது. பழிவாங்கும் விதமாக நீக்குவதும் வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு மொழி பேசுகிற ஓசூர் ஷாப் ஃப்ளோருக்கு இந்த வரி ரொம்ப முக்கியம். யாரும் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது என் வருத்தம்.

படி 4: நாள்காட்டி ஒன்று தனியாக மாட்டுங்கள்

சம்பவ நாள், கடைசி வேலை நாள், கடிதம் கைக்கு வந்த நாள் மூன்றையும் எழுதுங்கள். பாலியல் தொல்லை 3 மாதம். மகப்பேறு மறுப்பு 60 நாள். வேலைநீக்கத்துக்குப் பழைய சட்டத்தில் 3 வருடம் இருந்தது. புதிய தொகுப்பில் தகராறு தோன்றி 2 வருடத்துக்குப் பிறகு லேபர் ஆபீஸின் சமரச அலுவலர் எடுக்க மாட்டார். ஆர்பிட்ரேஷனில் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள் என்று கம்பெனி இழுக்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கெடுவிலிருந்துதான் போகிறது. அவர்களோடு பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசும்போதே மனுவும் கொடுத்துவிடுங்கள்.

படி 5: சாட்சியம் சேர்ப்பது

ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த வகைப் பாரபட்சமாக இருந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். நல்லபடியாக அனுப்பிவிடுகிறோம், இல்லையென்றால் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவோம் என்று சொல்லி வெள்ளைத்தாளை நீட்டுவார்கள். எழுதிவிட்டால் நீக்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். ஏற்கனவே எழுதியிருந்தால், அன்றைக்கே, அல்லது மறுநாள் காலையிலேயே, வற்புறுத்தி வாங்கினார்கள் என்று மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

சம்பளச் சீட்டு, ஷிஃப்ட் ரோஸ்டர், பஞ்ச் விவரம், ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பாஸ்புக், ஆர்டரின் எல்லாப் பக்கங்களும். அந்தத் தங்கை ஒன்பதாம் பக்கத்தை மட்டும்தான் அனுப்பினாள். மீதியை வாங்கிப் பார்த்தபோது நான்காம் பக்கத்தில், இந்த நியமனம் பொருந்தும் தொழிலாளர் சட்டங்களுக்கு உட்பட்டது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி எங்களுக்கு எவ்வளவு பலமாக இருந்தது!

பாரபட்சத்தை நிரூபிக்க ஒப்பீடு வேண்டும். உங்களோடு ஒரே நாளில் சேர்ந்து ஒரே மெஷினில் நின்றவருக்கு என்ன கிடைத்தது, உங்களுக்கு என்ன கிடைக்கவில்லை? பெயர், தேதி, ஸ்டேஷன் நம்பரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தாள். தினசரி டார்கெட், எடுத்த பீஸ், ரிஜெக்ட் எத்தனை. கர்ப்பத்தைச் சொல்வதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவளுடைய ரிஜெக்ட், லைன் லீடராக்கப்பட்ட பையனுடையதைவிடக் குறைவு. தனக்காகப் பழக்கத்தில் எழுதி வைத்தது. வேலை சரியில்லை என்ற காரணம் அந்த நோட்டின் முன்னால் நிற்கவில்லை.

வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அசல் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்தப் போன் வேண்டும்.

படி 6: உள்ளேயே ஒரு மனு

20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் மனு, 30 நாளில் முடிவு. பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டாலும் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபால்.

படி 7: லேபர் ஆபீஸ்

வீடு எங்கே என்பது முக்கியமில்லை, வேலை பார்த்த இடம் எங்கே என்பதுதான் கணக்கு. பென்னாகரத்துக்காரர் ஓசூரில் வேலை பார்த்தால் கிருஷ்ணகிரி மாவட்ட அலுவலகம். அரூர்க்காரர் பொம்மசந்திராவில் வேலை பார்த்தால் கர்நாடக லேபர் ஆபீஸ். ஜூஜூவாடி எல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். தருமபுரியில் மனு கொடுத்து மூன்று மாதம் கழித்து, இது எங்கள் எல்லை இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சேர்ந்த தேதி, வேலை, கடைசிச் சம்பளம், என்ன நடந்தது, யாரோடு ஒப்பிடுகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள். கடைசியில் இப்படி ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: “என் நியமன ஆணையில் உள்ள நடுவர் தீர்ப்புச் சரத்து இந்தத் தொழில் தகராறுக்குப் பொருந்தாது. தகராறு எழுந்த பிறகு நான் எந்த நடுவர் தீர்ப்புக்கும் எழுத்துமூலம் சம்மதிக்கவில்லை.” அவர்கள் கிளப்பும் முன்பே நாம் சொல்லிவிடுவது நல்லது.

சமரச அலுவலர் நீதிபதி இல்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். 45 நாளில் பேசி முடியாவிட்டால் முறிவு அறிக்கை தருவார். அந்த அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் நாமே நேராக மனுப் போடலாம். அங்கே கம்பெனி வக்கீல் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 8-ஐக் காட்டி, வழக்கை ஆர்பிட்ரேட்டரிடம் அனுப்பச் சொல்வார். படி 2-ல் சொன்ன தீர்ப்புகள் அதற்குத்தான்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12 படியுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளி எல்லோருக்கும் இலவச வக்கீல் உரிமை. பெண் என்றால் வருமானம்கூடக் கேட்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

படி 8: நீங்கள் மேனேஜர், டீம் லீட், பெரிய சம்பள இன்ஜினியர் என்றால்

இங்கே நிலைமை கடினம். தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே இருந்தால், நோட்டீஸ் காலம், போனஸ் போன்ற ஒப்பந்தத் தகராறில் அந்த வரி பெரும்பாலும் செல்லும். சிவில் கோர்ட்டுக்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். அப்படியென்றாலும் கம்பெனி எழுதியது எல்லாம் செல்லாது.

ஆர்பிட்ரேட்டரை நாங்களே நியமிப்போம் என்பது முதல் ஓட்டை. கம்பெனி ஊழியர், ஆலோசகர், அதோடு தொழில் உறவு உள்ளவர் ஆர்பிட்ரேட்டராக இருக்க முடியாது என்று ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தம் சொல்கிறது. தகராறில் அக்கறை உள்ளவர் தனியாக நியமிக்கவும் முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் பாதுகாப்பை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் தகராறு வந்த பிறகு எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் செல்லும். ஆகவே கம்பெனி பெயர் சொல்லும் ஆளை உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்.

இரண்டாவது செலவு. மொத்தச் செலவையும் ஊழியரே ஏற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அது செல்லாது, தகராறுக்குப் பிறகு ஒத்துக்கொண்டால்தான் செல்லும் என்று பிரிவு 31-ஏ சொல்கிறது. சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள மாதிரிக் கட்டணப்படி, 5 லட்சம் வரையிலான கோரிக்கைக்கே ஆர்பிட்ரேட்டர் கட்டணம் 45,000 ரூபாய். இரண்டு லட்சம் பாக்கிக்கு இவ்வளவு செலவா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது ஊர். மும்பை என்று எழுதியிருந்தால் அதிலிருந்து தப்புவது கஷ்டம். தனியார் வங்கி ஊழியர் வழக்கில், எந்த ஊர்க் கோர்ட்டு என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வீடியோ மூலம் விசாரணை வேண்டும் என்று முதல் அமர்விலேயே கேளுங்கள்.

தீர்ப்பு சரியில்லையென்றால் ரத்துக் கோர 3 மாதம், அதற்குமேல் 30 நாள் மட்டும். காரணங்களும் குறுகியவை. வேலையைத் திரும்பக் கொடு என்று ஆர்பிட்ரேட்டர் சொல்வது அரிது, பணம்தான் கிடைக்கும். ஆனால் பாலியல் தொல்லைக் குழு, போலீஸ் புகார், மகப்பேறு உரிமை இவையெல்லாம் மேனேஜருக்கும் திறந்தே இருக்கின்றன.

அமெரிக்காவிலேயே வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆர்பிட்ரேஷன் வரி இருந்தாலும் அங்குள்ள சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஊழியர் போட்ட கையெழுத்து அந்த ஆணையத்தைக் கட்டாது என்று 2002-ல் வாஃபிள் ஹவுஸ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. கெடு 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள்.

படி 9: செட்டில்மென்ட் காகிதம்

கடைசியில் பெரும்பாலான வழக்குகள் பேசித்தான் முடிகின்றன. அங்கே நீட்டும் காகிதத்தில் நான்கு விஷயம் பாருங்கள். முழுமையான இறுதித் தீர்வு என்ற சொல்லுக்குள் பி.எஃப்., கிராஜுவிட்டி அடங்கிவிட்டதா? சர்வீஸ் தொடர்ச்சி எழுதியிருக்கிறதா? இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன் என்ற வரி போலீஸ் புகாரையும் சேர்க்கிறதா? புதிதாக இன்னொரு ஆர்பிட்ரேஷன் வரி ஒளிந்திருக்கிறதா? முடிந்தவரை சமரச அலுவலர் முன்னால் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தத் தங்கையின் பேச்சுவார்த்தையில் முதல் அமர்விலேயே கம்பெனி வக்கீல் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு, அது இருக்கட்டும், இந்த அம்மாவை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். மூன்றாவது அமர்வில் வேலை, சர்வீஸ் தொடர்ச்சி, மகப்பேறு விடுப்பு மூன்றும் எழுத்தில் வந்தன. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “இருங்கண்ணா, எல்லாப் பக்கத்தையும் படிச்சிக்கிறேன்” என்று அரை மணி நேரம் உட்கார்ந்து படித்தாள். வக்கீல் இரண்டு முறை மணி பார்த்தார். அவள் நிமிரவில்லை.